வடக்குச் சுவர் – 14: கீழே யாராவது படுப்பதுண்டா?

எரிவாயுக்காரர் வந்து, வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸின் வயிற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, உள்ளே தகடு வெடித்திருக்கிறது, இனி இதை எரித்தால் விஷப்புகை வீட்டுக்குள் வரும் என்று சொல்லி, குழாயை மூடி, சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டுப் போனார் அல்லவா? அது வியாழக்கிழமை. இன்று சனிக்கிழமை. வெளியே மைனஸ் முப்பத்து நான்கு. வீட்டுக்குள் பதினொன்று.

லெஸ்யா கம்பளிக் குல்லாயோடு சமையலறையில் நின்று காபி போட்டுக்கொண்டிருந்தாள். வின்னிபெக்கில் பிறந்து ஐம்பத்திரண்டு ஜனவரிகளைப் பார்த்தவளுக்குக் குளிர் ஒரு பொருட்டில்லை. அவள் மனசை அரித்துக்கொண்டிருந்தது புருஷனின் நடத்தை.

போதான் நகரப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். பல்லி முட்டை அளவுகூட வீண் செலவு பிடிக்காது. இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் தெர்மோஸ்டாட்டைப் பதினெட்டுக்கு மேல் ஏற்ற விட்டதில்லை. குளிர்கிறது என்றால் ஸ்வெட்டர் போடு என்பான். அக்டோபர் பிறந்தால் ஜன்னலுக்கெல்லாம் பிளாஸ்டிக் தாள் ஒட்டுவான். பெரும்பனி விழுந்த மறுநாள் மண்வெட்டியோடு இறங்கி, அவன் அப்பா செய்தது போலவே, வடக்குச் சுவரோரம் இடுப்பளவுக்குப் பனியை அணைத்துத் தட்டிவைப்பான். அடிச்சுவர் வழியாகக் காற்று புகாது என்பது அவர்கள் வீட்டுக் கணக்கு.

அப்பேர்ப்பட்ட மனிதன் நேற்று மூன்று கம்பெனிகளின் விலைத்தாள்களை மேஜையில் பரப்பி, இருப்பதிலேயே உசத்தியான ஃபர்னஸின் மேல் விரலை வைத்து, "இதையே போட்டுடலாம்" என்றான். எரிகிற வாயுவில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு சூட்டை வீட்டுக்குள்ளேயே கொடுக்குமாம். பழசு கொடுத்தது அறுபதுதான், மிச்சமெல்லாம் புகைபோக்கி வழியாக ஆகாயத்துக்குப் போனது. சொன்னதெல்லாம் நியாயம்தான். சொன்ன ஆள்தான் உதைத்தது.

அதோடு போன வாரம் மலாங்கா என்கிற புத்தாண்டு விருந்தில் அவன் ஒரு பாட்டுக்குக்கூட ஆட எழுந்திருக்கவில்லை என்பதையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். லெஸ்யா மறக்கவில்லை.

காபிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு கூடத்துப் பக்கம் போனாள். போதான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"பத்து வருஷ உத்தரவாதம்னு போட்டிருக்கு. சரி. வீடு இன்னொருத்தர் பேருக்கு மாறினா, அந்த உத்தரவாதமும் கூடவே போகுமா?"

லெஸ்யா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"போகுமா? நல்லதாப் போச்சு," என்று போதான் போனை வைத்துத் திரும்பினான். அவளைப் பார்த்ததும் அவன் காது சிவந்தது. குளிரில் எல்லார் காதும்தான் சிவந்திருந்தது என்றாலும் இது வேறு சிவப்பு.

"யாரு போன்ல?"

"ஃபர்னஸ்காரங்க."

"வீடு எதுக்கு இன்னொருத்தர் பேருக்கு மாறணும்?"

"யாரு சொன்னா மாறும்னு? சும்மா கேட்டு வச்சேன்."

இருபத்தாறு வருஷத்தில் போதான் சும்மா ஒன்றைக் கேட்டு அவள் பார்த்ததில்லை. கோப்பையை அவன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

இந்த வீட்டின் சங்கதியை இங்கே ஒரு வரி சொல்லிவிட வேண்டும். மாமனார் எழுதிவைத்துப் போன வீடு. பாதி போதானுக்கு, பாதி அவன் அக்கா ஸ்தெஃபாவுக்கு. இத்தனை வருஷம் கூட்டித் துடைத்து, சுவருக்கு வண்ணம் அடித்து, மாமனாரின் கடைசி மூன்று வருஷப் படுக்கையைப் பார்த்துக்கொண்ட லெஸ்யாவின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. அண்ணன் தம்பி யாருமில்லாத, பிறந்த வீடும் விற்றுப்போன அவளுக்கு, இதை விட்டால் போக வேறு கதவு கிடையாது. அக்காவும் தம்பியும் சேர்ந்து விற்க நினைத்தால் வீட்டில் குடியிருக்கிற பெண்டாட்டி என்ற உரிமையில் அவள் கையெழுத்து போட மறுக்கலாம், சண்டை பிடிக்கலாம். ஆனால் கட்டினவனோடு அந்தச் சண்டைக்கு நிற்கிற நாள் வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. அந்த நினைப்பே அவளுக்குப் பயமாக இருந்தது.

பத்து மணிக்குக் கொலெட் வந்தாள்.

தாள் கொடுத்த மூன்று கம்பெனிகளில் இரண்டு பேர் வீட்டையே வந்து பார்க்கவில்லை. பழைய மிஷின் என்ன அளவு என்று போனில் கேட்டு, அதைவிட ஒரு சுற்றுப் பெரிதாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். கொலெட் லாவலே மட்டும்தான், விலையைச் சொன்னாலும் நேரில் பார்க்காமல் அளவு சொல்ல மாட்டேன் என்றவள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து பிரெஞ்சுக்காரி, நாற்பது வயசிருக்கும், இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவள் பூட்ஸைக் கழற்றி ஒழுங்காகப் பாயில் வைத்தாள். அந்த ஒரு காரியத்துக்காகவே லெஸ்யாவுக்கு அவளைப் பிடித்துப்போனது.

அவள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாகப் போனாள். கூரைக்கு அடியிலிருந்த பரணில் ஏறி, குளிர் தடுக்கப் பரப்பிய பஞ்சு எத்தனை அங்குலம் என்று பார்த்தாள். வடக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிஷம் நின்றாள். எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதினாள்.

"பழசு ரொம்பப் பெருசு," என்றாள் கடைசியில். "இந்த வீட்டுக்கு அதுல பாதி போதும்."

"பாதியா?" போதான் நம்பவில்லை. "மைனஸ் நாப்பது வந்தா?"

"மைனஸ் நாப்பதுக்குத்தான் கணக்கு போட்டேன். இந்த ஊர்ல எல்லாரும் செய்யுற தப்பு இது. குளிருக்குப் பயந்து பெருசா வாங்குவாங்க. பெருசு அஞ்சு நிமிஷம் தடதடன்னு எரிஞ்சு அணைஞ்சுடும். கூடம் வேகும், மூலை அறை அப்படியே குளிரும். திரும்ப எரியும், திரும்ப அணையும். வாயுவும் வீண், மிஷினும் சீக்கிரம் போயிடும். சின்னது நிதானமா நாள் பூரா எரியும். வீடு பூரா ஒரே சூடு."

"சின்னது இன்னைக்கே போட முடியுமா?"

"அதுதான் சிக்கல். சரியான அளவு என்கிட்ட கைவசம் இல்ல. திங்கட்கிழமை காலையில கிடங்குலேர்ந்து வரும். பெருசுன்னா ஒண்ணு கடையில நிக்குது, மத்தியானத்துக்குள்ள மாட்டிடலாம்."

"அப்ப பெருசையே மாட்டுங்க," என்றான் போதான்.

லெஸ்யா அவனைப் பார்த்தாள். ஒரு போல்ட் வாங்கக்கூட ஒரு வாரம் யோசிக்கிறவன். கொலெட் சொன்ன தப்பு எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, இன்றைக்கே வேண்டும் என்கிறான்.

"என்ன அவசரம் உனக்கு?" என்றாள்.

"குளிருதே லெஸ்யா."

"ஸ்வெட்டர் போடு."

கொலெட் சிரிப்பை அடக்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். இருவரும் பின்னால் போனார்கள். பழைய ஃபர்னஸ் சிவப்பு அட்டையோடு மூலையில் நின்றது. பக்கத்தில் மாமனார் படுத்துக் கிடந்த சின்ன அறை, இப்போது ஊறுகாய் ஜாடிகளும் ஸ்கேட் பூட்ஸும் அடைந்தது. இல்லை, அடைந்திருந்தது. லெஸ்யா எட்டிப் பார்த்தாள். ஜாடிகள் ஒரு ஓரமாக அடுக்கப்பட்டிருந்தன. கட்டில் மேலிருந்த பெட்டிகளைக் காணோம்.

"புது மிஷின்ல காத்து வடிகட்டுற தட்டு இங்க சொருகணும்," என்று கொலெட் காட்டினாள். "மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. மேல அம்புக்குறி இருக்கும், அது மிஷினைப் பாக்கணும்."

"அவகிட்ட காட்டுங்க," என்றான் போதான்.

லெஸ்யாவுக்குச் சுரீரென்றது. ஃபர்னஸ் கதவை அவள் தொட்டாலே, விடு விடு, கையை வெட்டிக்கப் போற என்று ஓடி வருகிறவன். இன்றைக்குப் பின்னால் தள்ளி நின்று அவளுக்கு வழி விடுகிறான்.

"எனக்கு எதுக்கு? நீ இருக்கியே."

"ரெண்டு பேருக்கும் தெரிஞ்சா நல்லதுதானே."

கொலெட் அவர்களைக் கவனிக்கவில்லை. அவள் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்குப் பழைய புகைபோக்கி ஆகாது. ரெண்டு வெள்ளைக் குழாய் இந்தச் சுவர் வழியா வெளிய போகும். ஒண்ணு காத்தை இழுக்கும், ஒண்ணு புகையைத் தள்ளும். வெளிய பாத்தேன், சுவரோரம் இடுப்பளவு பனி அணைச்சு வச்சிருக்கீங்க. அதெல்லாம் எடுத்துடணும். இனிமே அணைக்கவும் கூடாது. குழாய் வாய் மூடிச்சுன்னா மிஷின் தானா நின்னுடும். பனி விழற ஒவ்வொரு தடவையும் யாராவது போய்ப் பாக்கணும்."

"லெஸ்யா பாத்துப்பா."

"ஏன், நீ எங்க போற?"

"வேலைக்குப் போறேன்ல," என்றான் போதான். சொல்லிவிட்டு ஒரு ஊறுகாய் ஜாடியை எடுத்து, எடுத்த இடத்திலேயே வைத்தான்.

கொலெட் நோட்டைப் புரட்டினாள். "கடைசியா ஒண்ணு. கீழ யாராவது படுப்பாங்களா?"

"இல்ல," என்றாள் லெஸ்யா.

"படுப்பாங்க," என்றான் போதான்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. கொலெட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். புருஷன் பெண்டாட்டி சச்சரவில் மாட்டிக்கொள்ளாமல் இருபது வருஷம் ஃபர்னஸ் மாட்டியவள் அவள். "நான் வெளிய போய்க் குழாய்க்கு இடம் குறிச்சுட்டு வரேன்," என்று படியேறிப் போய்விட்டாள்.

"யாரு கீழ படுக்கப் போறது?" என்றாள் லெஸ்யா.

போதான் வாயைத் திறக்குமுன் வாசல் மணி அடித்தது.

வாசலில் ஸ்தெஃபா. போதானின் அக்கா. மாமனார் சாவுக்குப் பிறகு ஏழு வருஷமாக இந்தப் படி ஏறாதவள், மைனஸ் முப்பத்து நான்கில், தாஃபினிலிருந்து நாலு மணி நேரம் காரோட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். ஒரு கையில் கம்பளியில் சுற்றிய பெரிய பாத்திரம், முட்டைக்கோஸ் இலையில் அரிசியும் கறியும் சுருட்டி வேகவைத்த ஹோலுப்சியின் வாசம். இன்னொரு கையில் பழுப்பு நிற உறை.

லெஸ்யாவுக்கு எல்லாம் ஒரு நொடியில் கூடிவிட்டது. உசத்தியான ஃபர்னஸ், நல்ல விலை வருவதற்கு. உத்தரவாதம், வாங்குகிறவனுக்கு. வடிகட்டித் தட்டு, போதான் வேலைக்குப் போயிருக்கையில் வீடு பார்க்க வருகிறவர்களுக்கு அவள் விளக்க வேண்டும் அல்லவா, அதற்கு. கீழறை, வாடகைக்கு விடலாம் என்று சொல்லி விற்க. பழுப்பு உறையில் பத்திரம்.

பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, "சமையலறைக்கு வாங்க அக்கா," என்றாள். போதான் பின்னால் வந்தான். "நீ இல்ல," என்று அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.

ஸ்தெஃபா கையுறையைக்கூடக் கழற்றவில்லை. "என்னடி வீடு இப்படிக் குளிருது."

"நீங்க விக்கப்போற வீடுதானே. குளிர்ந்தா என்ன?"

"என்னது?"

"மறைக்காதீங்க அக்கா. எனக்கு எல்லாம் தெரியும். அப்பாவுக்கு மலம் மூத்திரம் எடுத்தது நான். அப்ப நீங்க ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வந்து அவர் நெத்தியில முத்தம் குடுத்துட்டுப் போனீங்க. இப்ப உறையைத் தூக்கிட்டு வந்து நிக்கிறீங்க. நான் எங்க போவேன்னு ஒருத்தராவது யோசிச்சீங்களா?"

ஸ்தெஃபா உறையைப் பிரித்து, உள்ளிருந்த தாளை மேஜையில் வைத்து, அவள் பக்கம் தள்ளினாள்.

"படி."

லெஸ்யா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தாள். ஒரு முறை படித்தது போதவில்லை. ஸ்தெஃபா தன் பாதியை எழுதிக் கொடுத்திருந்தாள். போதானும் தன் பாதியை எழுதிக் கொடுத்திருந்தான். முழு வீடும் லெஸ்யாவின் பெயரில்.

"அப்பா விட்டுட்டுப் போன ஏரிக்கரைக் குடிசையில அவன் பங்கை எனக்கு விட்டுட்டான். பதிலுக்கு இது," என்றாள் ஸ்தெஃபா. "மூணு மாசமா என்கிட்ட கெஞ்சினான். நான் வக்கீல்கிட்ட கையெழுத்து போட்டுக் கொண்டாந்தேன்."

லெஸ்யா நாற்காலியில் உட்கார்ந்தாள். சந்தோஷம் வந்தது, உண்மையாகவே வந்தது. ஆனால் நிலைக்கவில்லை. வீட்டை மட்டுமல்ல, வீட்டோடு சேர்த்து ஃபர்னஸ், உத்தரவாதம், வடிகட்டித் தட்டு, பனி தள்ளுகிற வேலை எல்லாவற்றையும் ஒருவன் அவள் கையில் ஒப்படைக்கிறான் என்றால்...

"அக்கா. அவன் ஏன் இப்படிச் செய்யுறான்?"

ஸ்தெஃபா இப்போதுதான் கையுறையைக் கழற்றத் தொடங்கினாள், ஒவ்வொரு விரலாக. "அதை அவன்கிட்டயே கேளு."

போதான் கீழ்த்தளத்துப் படியில் உட்கார்ந்திருந்தான். வெளியே கொலெட் உறைந்த பனியைக் கோடரியால் கொத்துகிற சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. லெஸ்யா அவனுக்கு இரண்டு படி மேலே உட்கார்ந்தாள்.

"நீ போறியா?"

அவன் ஆமென்று தலையை ஆட்டினான்.

"எப்ப?"

"ஏப்ரல்ல. பனி உருகினதும். அதுவரைக்கும் கீழ படுத்துக்கறேன். உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

"எப்ப முடிவு பண்ணின?"

"கோடையிலயே. அக்டோபர்ல உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். அந்த வாரம் பனி விழுந்துடுச்சு. குளிர்காலத்துல எப்படி ஒருத்தரைத் தனியா விட்டுட்டுப் போறது? சரி, ஏப்ரல்னு வச்சேன். அதுக்குள்ள இது வெடிச்சுது." ஃபர்னஸைக் காட்டினான். "ஒரு வகையில நல்லதுன்னு நினைச்சேன். நல்லதா ஒண்ணு மாட்டிக் குடுத்துட்டா எனக்கு நிம்மதி."

இவன் நல்லவன் என்று இத்தனை வாரமும் உங்களிடம் சொல்லிவந்திருக்கிறேன். அது பொய்யில்லை. பெண்டாட்டியை விட்டுப் போவதைக்கூட, குழாய் எதுவும் உறையாதபடி திட்டம் போட்டுச் செய்கிற நல்லவன். அடிக்கிறவனைவிட இப்படிப்பட்டவனிடம் கோபப்படுவது கஷ்டம். லெஸ்யாவுக்குக் கோபம் வந்தது, ஆனால் எங்கே பிடித்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது. குல்லாயை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யாரு அவ?"

"யாருமில்ல."

"போதான்."

"யாருமில்ல லெஸ்யா. சத்தியமா," என்றான் அவன். ஃபர்னஸைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

கதவு திறந்து குளிர் உள்ளே வந்தது. கொலெட் இமையெல்லாம் வெள்ளை பூத்து நின்றாள். "இடம் குறிச்சுட்டேன். பெருசா, சின்னதா? பெருசுன்னா இப்பவே கிளம்பிப் போய் எடுத்துட்டு வரணும்."

"பெருசு," என்று போதான் எழுந்தான். "இன்னைக்கே முடிச்சுடுங்க."

"நில்லு," என்றாள் லெஸ்யா. அவளும் எழுந்தாள். "நான் ஒண்ணு கேக்கணும். இந்த வீட்டுல ஒருத்தர் மட்டும்தான் இருக்கப் போறாங்கன்னா, இன்னும் சின்னதா வாங்கலாமா?"

கொலெட்டுக்கு ஒன்றும் தெரியாது. வழக்கமாக எல்லோரும் கேட்கிற கேள்விதான் அது. "இல்லீங்க. ஆள் கணக்கே கிடையாது. சுவரும் ஜன்னலும்தான் கணக்கு. ஒருத்தர் இருந்தாலும் ரெண்டு பேர் இருந்தாலும் வீட்டுக்கு அதே சூடுதான் வேணும்."

போதான் தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்ப நீங்க கணக்கு போட்ட அளவையே போடுங்க," என்றாள் லெஸ்யா.

"அது திங்கட்கிழமைதான் வரும்."

"வரட்டும்."

"லெஸ்யா, ரெண்டு நாள் இந்தக் குளிர்ல," என்று போதான் ஆரம்பித்தான்.

"வீடு என் பேருல இருக்கு. தாளை இப்பத்தான் படிச்சேன். கொலெட், வாங்குறவங்க பேருன்னு இருக்கிற இடத்துல லெஸ்யா ஹ்ரின்சுக்னு எழுதுங்க."

கொலெட் எழுதினாள். லெஸ்யா கையெழுத்து போட்டாள். குளிரில் பேனா இரண்டு இடத்தில் எழுத மறுத்தது, அழுத்தி எழுதினாள்.

"வண்டியில அறையைச் சூடாக்குற ரெண்டு மின் அடுப்பு இருக்கு, வச்சுட்டுப் போறேன்," என்றாள் கொலெட். "தண்ணி உறையாம இருக்க, குழாயைச் சொட்டுச் சொட்டா திறந்து விடுங்க. இந்த அடுப்பு ஒரு அறைக்குத்தான் தாங்கும். அதனால திங்கட்கிழமை வரைக்கும் எல்லாரும் ஒரே அறையில கதவைச் சாத்திட்டுப் படுங்க. கீழ மட்டும் யாரும் படுக்காதீங்க. ராத்திரியில சூடு ரொம்ப இறங்கிடும்."

அவள் வண்டிக்குப் போனாள். ஸ்தெஃபா மேல்படியில் வந்து நின்று, கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தாள். "வெளிச்சம் இருக்கும்போதே நான் தாஃபினுக்குக் கிளம்பறேன்."

"நீங்களும் இருங்க அக்கா," என்றாள் லெஸ்யா. குரலில் அழுகை போய்விட்டிருந்தது. "ஹோலுப்சி நிறைய இருக்கு. எனக்கும் பக்கத்துல ஒரு சாட்சி வேணும்."

பிறகு புருஷனைப் பார்த்தாள். "ரெண்டு ராத்திரி ஒரே அறையில இருக்கப் போறோம். இப்பவே ஆரம்பிச்சுடலாம். யாருமில்லன்னு அந்த மிஷினைப் பாத்துச் சொன்னியே, அதை என் மூஞ்சியைப் பாத்து இன்னொரு தடவை சொல்லு."

போதான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி, மேல்படியில் நின்ற அக்காவைப் பார்த்தான். ஸ்தெஃபா சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.